திருப்பிக் கொடுக்காத அட்டை

1

கேக் கொடுத்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

நான் வேலை செய்யும் ஆராய்ச்சி நிலையத்துக்கு ஆண்டு விழா. கீழ்த்தளத்தில் நீள மேஜை போட்டு, நிலையத்தின் படம் வரைந்த கேக்கை வைத்திருந்தார்கள். விஞ்ஞானிகள், ஆபீஸ்காரர்கள், தரை துடைப்பவர்கள் எல்லாருக்கும் ஒரே கேக். ஆளுக்கு ஒரு பீங்கான் கோப்பை. அதில் நன்றி என்று அச்சடித்திருந்தது.

எங்கள் கழுவும் அறைக்கு அதுவரை யாரும் வந்து நன்றி சொன்னதில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. வேலை செய்கிறோம், சம்பளம் வருகிறது. திடீரென்று கோப்பையில் அச்சடித்துக் கொடுத்தால் நான் என்ன நினைப்பது?

என்னோடு அதே அறையில் வேலை செய்பவள் ஜேனட். இங்கிலாந்துக்காரி. இரண்டு துண்டு சாப்பிட்டாள். “நீ ஏன் சாப்பிடவில்லை?” என்றாள். சர்க்கரை என்றேன். எனக்குச் சர்க்கரை நோய் கிடையாது.

நான் ஆரணிக்காரன். பட்டுத்தறி நெய்தவன். எங்கள் தெருவுக்கு ஒரு முதலாளி இருந்தார். பட்டு நூலும் ஜரிகையும் அவர் கொடுப்பார். நாங்கள் வீட்டில் நெய்து கொடுத்துக் கூலி வாங்குவோம். சேலைக் கரையில் வரும் மாங்காய், அன்னம் எல்லாவற்றுக்கும் ஓட்டை போட்ட அட்டைகள் உண்டு. மாலை மாதிரி கோத்துத் தறிக்கு மேலே தொங்கவிட்டிருக்கும். எந்த நூல் எப்போது மேலே ஏற வேண்டும் என்பதை அட்டைதான் சொல்லும். தறி நம்முடையது. அட்டை முதலாளியுடையது.

ஒரு தடவை, தீபாவளியும் இல்லை, கிறிஸ்துமஸும் இல்லை, முதலாளி வீட்டிலிருந்து வீட்டுக்கு வீடு ஸ்வீட் பாக்ஸ் வந்தது. மைசூர்பாகு. எல்லாரும் சந்தோஷமாகத் தின்றோம். இரண்டொரு நாளில் அவருடைய கணக்குப்பிள்ளை வந்தார்.

“அட்டைய கழட்டிக் குடுங்கப்பா. தூசி தட்டித் தரோம்.”

இனிமேல் உனக்கு வேலை இல்லை என்று எந்த முதலாளியும் வாயால் சொல்லிப் பார்த்ததில்லை. அட்டையைக் கேட்பார்கள். நாம் புரிந்துகொள்ள வேண்டும்.

எல்லாரும் கழற்றிக் கொடுத்தோம். என் தம்பி பாக்கியமும் கொடுத்தான். கொடுப்பதற்கு முன் நடுவில் ஒரே ஒரு அட்டையைக் கயிறு பிரித்து உருவி, மீதியைத் திரும்பக் கோத்துவிட்டான். எங்கள் பக்கத்தில் அப்படிச் செய்பவர்கள் உண்டு. யாரும் பேசமாட்டார்கள், எல்லாருக்கும் தெரியும்.

அந்த அட்டைகளை முதலாளி சந்தவாசல் பக்கம் வேறு ஓர் ஆளின் தறியில் மாட்டினார். கரையில் அன்னத்துக்கு அன்னம் கழுத்து ஒடிந்தது மாதிரி வந்தது. கணக்குப்பிள்ளை பாக்கியத்திடம் திரும்பி வந்தார்.

“பாக்கியம், ஒரு அட்டை கொறையுது. உன் ஊட்ல எங்கனா விழுந்து கெடக்குதா பாருப்பா.”

“தேடறேங்க. கெடைக்கிற வரைக்கும் சும்மா இன்னாத்துக்கு ஒக்காரணும்? ஒரு பாவு குடுத்தனுப்புங்க. தேடிகினே நெய்யறேன்.”

பாவு என்றால் தறியில் ஏற்றும் நீள நூல். பாவு வந்தது என்றால் வேலை வந்தது. மறுநாளே வந்தது. எனக்கு வரவில்லை. நான் முழு அட்டையையும் கொடுத்திருந்தேன்.

2

ஊரிலிருந்து போன் செய்பவர்கள் சொல்வது ஒன்றுதான். “உனக்கின்னாப்பா, பென்ஷன் உத்தியோகம்.”

அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் மனைவி எஸ்தர் நர்ஸ். வேலூரில் படித்தாள். அவளுக்குத்தான் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. அவள் விசாவில், கைக்குழந்தை ஷரோனைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தவன் நான். படிப்பு எட்டாவது. வந்த புதிதில் இங்கிலீஷில் எஸ், நோ, சாரி மூன்றும் தெரியும். மூன்றையும் மாற்றி மாற்றிச் சொல்லியே இந்த வேலைக்கு வந்து சேர்ந்தேன்.

வேலை கஷ்டமில்லை. விஞ்ஞானிகள் உபயோகித்த கண்ணாடிச் சாமான்கள் தள்ளுவண்டியில் வரும். கழுவ வேண்டும். காயவைக்க வேண்டும். நீராவி இயந்திரத்தில் வைத்துக் கிருமி போக்கி மேலே அனுப்ப வேண்டும். அந்த இயந்திரம் எங்கள் ஊர் டீக்கடை பாய்லர் மாதிரி சத்தம் போடும், அளவில் ஒரு சின்ன அறை. காலையில் போய் அதைச் சூடேற்றுவதுதான் முதல் வேலை. ஊரில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்தேன், இங்கே நின்றுகொண்டிருக்கிறேன். வித்தியாசம் அவ்வளவுதான்.

இங்கே எனக்கு அப்பா பெயர். பாஸ்போர்ட்டில் சாலமன் என்பதற்குப் பின்னால் அருளப்பன் என்று இருக்கிறது. இவர்கள் அதைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொண்டார்கள். எந்தத் தாள் வந்தாலும் மிஸ்டர் அருளப்பனுக்குத்தான் வரும். அப்பா தேவிகாபுரம் தாண்டி அதிகம் போனவரில்லை. இறந்தும் ரொம்ப வருஷம் ஆகிறது. இந்த நாட்டில் அவருக்குத்தான் பென்ஷன் சேர்ந்துகொண்டிருக்கிறது.

அந்த பென்ஷனை நான் கண்ணால் பார்த்ததில்லை. மாதா மாதம் சம்பளத்தில் பிடிக்கிறார்கள். அவர்களும் போடுகிறார்களாம். ஊரில் சீட்டுக் கம்பெனி போர்டைக் கழற்றிக்கொண்டு ஓடியதைப் பார்த்தவனுக்கு, கண்ணில் படாத பணத்தின் மேல் நம்பிக்கை வருவது கஷ்டம்.

விதி இதுதான். குறிப்பிட்ட வயது வரை வேலையில் இருந்தால் முழு பென்ஷன். அதற்கு முன்னால் அனுப்பிவிட்டால், அப்போதே வாங்கிக்கொள்ளலாம். ஆனால் வெட்டித்தான் தருவார்கள். வெட்டினது வெட்டினதுதான், சாகும் வரை. எனக்கு அந்த வயதுக்கு இன்னும் சில வருஷம் இருக்கிறது. இந்த வயதில் வேறு இடத்தில் எடுக்கமாட்டார்கள். எஸ்தருக்கு முட்டி போய்விட்டது. வாரத்தில் பாதி நாள்தான் டியூட்டிக்குப் போகிறாள். வீடு வாடகை வீடு.

ஆக, எனக்கிருந்த கேள்வி ஒன்றே. அந்த வயது வரை என்னை வைத்திருப்பார்களா?

3

கேக் தீர்ந்த மறு வாரம் எல்லாரையும் பெரிய ஹாலுக்குக் கூப்பிட்டார்கள். இடம் போதாமல் எங்களுக்கு டிவி வைத்த அறை. டிவியில் நிலைய இயக்குநர் வந்தார். எப்போதும் கோட்டு போடுபவர் அன்றைக்கு ஸ்வெட்டர் போட்டிருந்தார். அதைப் பார்த்ததும் என் சந்தேகம் உறுதியாயிற்று.

ஆராய்ச்சிக்கு வரும் பணம் குறைந்துவிட்டது என்றார். கடினமான முடிவுகள் என்றார். நாம் ஒரு குடும்பம் என்றார். யாரை அனுப்புவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை, முதலில் கலந்து பேசுவோம் என்றார். பேசி முடித்ததும் டிவி தானாக அணைந்தது. கேள்வி கேட்க இடமில்லை. இதற்குப் பெயர் கலந்தாலோசனை.

அதில் ஒரு பகுதி, எமிலி என்ற பெண் ஒவ்வோர் அறைக்கும் வந்து, யார் என்னென்ன வேலை செய்கிறார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்வாள் என்பது.

அன்றைக்குச் சாயங்காலம் தம்பியிடம் பேசினேன். பாக்கியம் இப்போது சேவூரில் இருக்கிறான். தறி நன்றாகவே ஓடுகிறது. கல்யாண சீசனில் போன் எடுக்கக்கூட நேரமிருக்காது.

“இன்னா ண்ணா, கொரலு ஒரு மாதிரி கீது?”

சொன்னேன்.

“ஒரு பொண்ணு வந்து கேக்குமா? இன்னா இன்னா செய்யறன்னு?”

“ஆமாடா.”

“ஸ்வீட்டு குடுத்தானுங்களா?”

“கேக்கு.”

“அட்டையக் கேக்கறானுங்க ண்ணா! இன்னும் இன்னா வோணும் உனக்கு? வாயத் தொறக்காத. பாதி சொல்லு, போதும். முழுசா சொல்லிட்டா அத வெச்சிகினு எவனையாவது பாதிக் கூலிக்கு நிக்க வெப்பானுங்க. அப்புறம் நீ இன்னாத்துக்கு?”

சரியாகத்தான் பட்டது. ஆனால் அவன் அதோடு நிறுத்தவில்லை.

“அப்படியே அனுப்புனாலும் கையில ஒரு தொக குடுப்பாங்களாமே? நம்ம சேவூர் ரோட்டுல ஒரு ஷெட்டு வெலைக்கு வருது ண்ணா. ஜல்தியா முடிவெடுத்தா படியும். ரெண்டு பேருமா சேந்து விசைத்தறி போட்டுட்டா...”

என்னை வேலையில் நிற்கச் சொல்கிறானா, அனுப்பினால் தேவலை என்கிறானா? கூடப் பிறந்தவன். இருந்தாலும் யோசித்தேன்.

அடுத்து ஷரோன். லண்டனில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். ஆள் எடுப்பது, ஆள் அனுப்புவது, இரண்டையும் பார்க்கும் இலாகா. எங்களிடம் தமிழில்தான் பேசுவாள். ஆனால் யோசித்துப் பேசுவாள், தெரியாத ஊரில் தெருப் பெயர் படிக்கிறவள் மாதிரி.

“அப்பா, எல்லாத்தையும் சொல்லிடுங்க. சின்னச் சின்ன வேலைகூட. நீங்க சொல்லாத வேலைய நீங்க செய்யலன்னுதான் எடுத்துப்பாங்க.”

“உனக்கு எப்படித் தெரியும்?”

“அதுதானே அப்பா என் வேலை?”

அதுதான் எனக்கு இடித்தது. அவளும் எமிலி மாதிரி ஒருத்திதானே? வேலைக்காரனிடம் எப்படிப் பேச வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். மகள் பேசுகிறாளா, இலாகா பேசுகிறதா?

தம்பி பேச்சைக் கேட்டேன்.

4

எமிலி வந்தாள். சின்னப் பெண். ஷரோன் வயதுதான் இருக்கும். கையில் டேப்லெட். தள்ளுவண்டிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். ஜேனட்டை முந்தின நாளே கேட்டு முடித்திருந்தாள். அன்றைக்கு ஜேனட் இல்லை.

“காலையில் வந்ததும் என்ன செய்வீர்கள், மிஸ்டர் அருளப்பன்?”

“கழுவுவேன்.”

“அப்புறம்?”

“காயவைப்பேன்.”

“அதற்கப்புறம்?”

“அடுக்குவேன்.”

அவள் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். தறியில் உட்கார்ந்து பழகியவனுக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது கஷ்டமில்லை.

“நீராவி இயந்திரம்?”

“அது இருக்கிறது.”

“அதை நீங்கள் பார்த்துக்கொள்வீர்களா?”

“இல்லை. அது ஓடும்.”

தட்டிக்கொண்டாள். “வேறு ஏதாவது உண்டா? எவ்வளவு சின்ன வேலையானாலும் சரி.”

எவ்வளவு சின்ன வேலையானாலும் சரி. ஷரோன் சொன்னதும் இதேதான். இரண்டு பேருக்கும் ஒரே இடத்தில் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

“வேறு இல்லை,” என்றேன்.

மறைத்தவை இவை. எல்லாருக்கும் முன்னால் வந்து இயந்திரத்தைச் சூடேற்றுவது. கதவு ரப்பரைத் துடைத்துப் பார்ப்பது. பாட்டில் மூடிகளைத் தளர்த்தி வைப்பது, இல்லாவிட்டால் உள்ளே வெடிக்கும். இரண்டாம் மாடி ஆய்வகத்துச் சாமான்களைத் தனியாக அலசுவது, சோப்பு துளி இருந்தாலும் அவர்கள் வளர்ப்பது செத்துப்போகும். உடைந்த கண்ணாடி பொறுக்குவது. இன்னும் உண்டு. பெரிய வித்தை ஒன்றும் இல்லை. யாருக்குச் சொல்லிக்கொடுத்தாலும் வந்துவிடும். அதனால்தான் சொல்லவில்லை.

“மிக்க நன்றி,” என்றாள். மறுபடியும் நன்றி.

வீட்டுக்கு வந்து எஸ்தரிடம் நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். அவள் முட்டிக்குத் தைலம் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது.

“செய்யாத வேலைய செஞ்சேன்னு சொல்ற ஆளுங்கள வார்டுல நெறைய பாத்துகினு இருக்கேன். செஞ்ச வேலைய செய்யலன்னு சொல்ற ஆளு ஒலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்.”

“உனக்கு முதலாளிங்களப் பத்தித் தெரியாது.”

“எனக்கு உங்களப் பத்தித் தெரியும்,” என்றாள்.

5

கடிதம் அப்பா பெயருக்கு வந்தது. அன்புள்ள மிஸ்டர் அருளப்பன், தங்கள் பணியிடம் ஆபத்தில் உள்ளது.

பணியிடம்தான் ஆபத்தில் இருக்கிறதாம். ஆள் அல்ல. இப்படி எழுதப் படித்திருக்கிறார்கள்.

காரணமும் எழுதியிருந்தது. அந்த அறையின் வேலையை ஒருவரே பார்த்துக்கொள்ளலாம் என்று தெரிய வந்துள்ளது. ஆட்சேபம் இருந்தால் வந்து சொல்லலாம்.

ஜேனட்டுக்குக் கடிதம் வரவில்லை.

அங்கேதான் என் புத்தி ஓடியது. ஜேனட் யூனியனில் பொறுப்பில் இருப்பவள். முந்தின நாளே எமிலியிடம் பேசியவள். என் வேலையையும் சேர்த்துத் தன் வேலை என்று சொல்லியிருப்பாளோ? இரண்டு துண்டு கேக் சாப்பிட்டவள்.

அவளோடு பேசுவதை நிறுத்தினேன். அவள் டீ போட்டு வைத்தாள். குடிக்கவில்லை. மறுநாளும் வைத்தாள். அதற்கும் மறுநாள் தள்ளுவண்டியை என் வழியில் குறுக்கே நிறுத்திவிட்டு நின்றாள்.

“என்ன உன் பிரச்சினை, சாலமன்?”

“என் வேலையை உன் வேலை என்று சொன்னாயா?”

அவள் என்னையே பார்த்தாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோபப்படவில்லை.

“எமிலி எனக்குப் போன் செய்தாள். காலையில் இயந்திரத்தை யார் போடுவது என்று கேட்டாள். சாலமன் என்றேன். அவர் இல்லை என்கிறாரே என்றாள். நான் என்ன சொல்வது? என் கூட்டாளி பொய் சொல்கிறான் என்றா?”

நான் தள்ளுவண்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்துத் துடைத்தேன்.

“ஏன் அப்படிச் சொன்னாய்?”

தம்பி, மைசூர்பாகு, அன்னத்தின் கழுத்து, இதையெல்லாம் நான் எந்த இங்கிலீஷில் சொல்வது?

“நீ ஒரு மடையன்,” என்றாள். மழை பெய்கிறது என்று சொல்வது மாதிரி சொன்னாள். “ஆட்சேபம் சொல்லும் நாளில் யூனியன் சார்பில் நான் கூட உட்காருகிறேன்.”

சரி என்றேன். பிறகு அதையும் யோசித்தேன். அறைக்கு ஒருவர் போதும் என்கிறார்கள். நான் நின்றால் அவள் போக வேண்டிவரலாம். அவள் எனக்காகப் பேச வருகிறாளா, நான் என்ன பேசுகிறேன் என்று பார்க்க வருகிறாளா?

அதே வாரம் பென்ஷன் ஆபீசுக்குப் போன் போட்டேன். முதலில் மெஷின் பேசியது. பிறகு பாட்டு. பிறகு ஒரு ஆள் வந்து, பாதுகாப்புக்காக ஒரு கேள்வி என்றார். உங்கள் தாயாரின் கல்யாணத்துக்கு முந்திய குடும்பப் பெயர் என்ன?

அம்மாவுக்கு ஒரே பெயர்தான். கல்யாணத்துக்கு முன்னாலும் அதுதான், பின்னாலும் அதுதான். அதைச் சொன்னேன். தவறு என்றார். வேலைக்குச் சேர்ந்தபோது வேறு எதையோ சொல்லியிருக்கிறேன். அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவர் சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் எஸ்தர் பக்கத்திலிருந்து, “ஆரணின்னு சொல்லிப் பாருங்க,” என்றாள். சரியாக இருந்தது. அம்மாவின் குடும்பப் பெயர் ஆரணி.

“என் பணம் அங்கே இருக்கிறதா?” என்றேன்.

“நிச்சயமாக இருக்கிறது.”

“எங்கே?”

அவர் கொஞ்சம் நிறுத்தி, “பாதுகாப்பாக இருக்கிறது, மிஸ்டர் அருளப்பன்,” என்றார். இப்போது அனுப்பிவிட்டால் எவ்வளவு வெட்டுவார்கள் என்பதை மட்டும் தெளிவாகச் சொன்னார். கேட்டுவிட்டு வைத்தேன். எஸ்தர் என் முகத்தைப் பார்த்துவிட்டு உலை வைக்க எழுந்து போனாள், முட்டியைப் பிடித்துக்கொண்டு.

6

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஷரோன் வந்திருந்தாள். சொல்லாமல் வந்திருந்தாள். எஸ்தர்தான் வரவழைத்திருப்பாள்.

கோழிக் குழம்பு. ஷரோன் இப்போது காரம் குறைத்துத்தான் சாப்பிடுவாள். தயிர் ஊற்றிக்கொண்டாள். கோழிக் குழம்பில் தயிர்.

சாப்பிட்ட பிறகு மேஜையைத் துடைத்துவிட்டு, “அப்பா, நான்தான் எமிலி. நீங்க நீங்களேதான். ஆரம்பிங்க,” என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. மகள் அந்தப் பக்கம் உட்காருவது.

“ஒண்ணு கேக்கறேன். நீயும் உங்க ஆபீஸ்ல இப்படித்தான் கேக்கு குடுப்பியா?”

எஸ்தர் உள்ளிருந்து, “இது இன்னா பேஜாரு, வந்த பிள்ளைகிட்ட,” என்றாள்.

ஷரோன் முகம் மாறவில்லை. “சில சமயம். ஆமா அப்பா.”

“யாரு யாரு போகப்போறாங்கன்னு தெரிஞ்சேவா?”

“தெரிஞ்சே.”

“அவங்களோட நின்னு நீயும் சாப்பிடுவியா?”

“சாப்பிடாம நின்னா கண்டுபிடிச்சிடுவாங்க இல்ல?”

பிறகு அவளே சொன்னாள். “அதனாலதான் அப்பா உங்ககிட்ட மொதல்லயே சொன்னேன். எல்லாத்தையும் சொல்லிடுங்கன்னு. வேற யாருக்கும் நான் அதைச் சொல்ல முடியாது. உங்களுக்கு மட்டுந்தான் சொன்னேன்.”

நான் அவளைப் பார்த்தேன். சின்ன வயதில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் நான் இங்கிலீஷில் பேசும்போது திருத்துவாள். பிறகு திருத்துவதை விட்டுவிட்டாள். அது எனக்கு இங்கிலீஷ் வந்துவிட்டதால் அல்ல என்று தெரியும். அன்றைக்கு மேஜையில் மறுபடி திருத்தினாள். ஒவ்வொரு வாக்கியமாக. சாயங்காலம் வரை.

அவள் சொன்னதில் எனக்கு முழு நம்பிக்கை வந்துவிட்டது என்று எழுத மாட்டேன். அவள் சொன்னதைச் செய்வது என்று முடிவு செய்தேன்.

7

ஆட்சேபம் சொல்லும் அறையில் நான்கு நாற்காலி. ஒரு பெரிய அதிகாரி, எமிலி, ஜேனட், நான். தண்ணீர் வைத்திருந்தார்கள். அது நான் கழுவிய கிளாஸா என்று பார்த்தேன். இல்லை.

சொல்லாத வேலைகள் உண்டு என்று முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். அதிகாரி அதைப் பிடித்துக் கேட்டார். “முதலில் கேட்டபோது இதையெல்லாம் ஏன் சொல்லவில்லை?”

இந்தக் கேள்விக்கு ஷரோனோடு பழகிப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். எங்கள் ஊரில் முதலாளி அட்டையைக் கேட்பார். கொடுத்தால் வேலை போகும். அதனால் கொடுக்கவில்லை.

அதிகாரி எமிலியைப் பார்த்தார். எமிலி என்னைப் பார்த்தாள். என்ன அட்டை என்று அவர்களுக்குப் புரியவில்லை.

ஜேனட் குறுக்கே வந்தாள். “அவர் பயந்துவிட்டார் என்கிறார்.”

நான் அப்படிச் சொல்லவில்லை. பயமும் சந்தேகமும் ஒன்றல்ல. திருத்த வாயெடுத்தேன். ஜேனட் மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தாள். அதிகாரி “பயம்” என்று எழுதிக்கொண்டார். அவர் முகம் கொஞ்சம் இளகியது. சந்தேகம் என்று எழுதியிருந்தால் இளகியிருக்காது என்று இப்போது தெரிகிறது. ஜேனட்டுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.

பிறகு சொன்னேன். கதவைத் திறப்பதிலிருந்து ஆரம்பித்தேன். ஷரோன் திருத்திய வாக்கியங்கள் பாதி வந்தன, பாதி வரவில்லை. வராத இடத்தில் கையால் காட்டினேன்.

“நேரில் காட்ட முடியுமா?” என்றார் அதிகாரி.

நான்கு பேரும் கழுவும் அறைக்கு இறங்கினோம். எமிலி போனைத் தூக்கிப் பிடித்துப் படமெடுத்தாள். இயந்திரத்தைச் சூடேற்றிக் காட்டினேன். ரப்பரைத் துடைத்தேன். மூடியைத் தளர்த்தினேன். இரண்டாம் மாடிச் சாமான்களை அலசினேன். ஒவ்வொன்றாக அவளுடைய போனுக்குள் போய்க்கொண்டிருந்தது. ஆரணியில் தறி மேலேறி நின்று முழு அட்டையையும் கழற்றிக் கணக்குப்பிள்ளை கையில் கொடுத்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி இருந்தது.

வெளியே போகும்போது எமிலி பின்தங்கினாள். “உங்களைக் காப்பாற்றத்தான் நான் அன்றைக்குத் திரும்பத் திரும்பக் கேட்டேன்,” என்றாள். கண் கலங்கின மாதிரி இருந்தது.

உண்மையாக இருக்கலாம். அப்படியும் பேசச் சொல்லிக்கொடுத்திருக்கலாம். எனக்கு இன்றுவரை தெரியாது.

8

என் இடம் தப்பியது. ஜேனட்டின் இடமும் தப்பியது. அடுத்த பரிசீலனை வரை என்று எழுதியிருக்கிறார்கள். அடுத்தது எப்போது என்று எழுதவில்லை.

மூன்றாம் மாடியில் இன்னொரு கழுவும் அறை இருந்தது. அதை மூடிவிட்டார்கள். அங்கே ஒருவர் தனியாக வேலை செய்தார். லிப்டில் பார்த்தால் தலையாட்டுவார், அவ்வளவு பழக்கம். இப்போது அந்த மாடியின் தள்ளுவண்டியும் எங்களிடம் வருகிறது. அவர் எமிலியிடம் எவ்வளவு சொன்னார், எதை மறைத்தார் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னதால் அவர் இடம் போனதா என்று ஜேனட்டிடம் கேட்டேன். “அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை,” என்றாள். ரொம்பச் சீக்கிரம் சொன்னாள். அவருடைய நன்றிக் கோப்பை அந்த அறை ஷெல்பிலேயே இருந்தது. எடுத்து வந்து எங்கள் அறையில் கழுவி வைத்திருக்கிறேன். வந்து கேட்டால் கொடுக்கலாம்.

ஷரோன் போனில், “நான் சொன்னேன் இல்லப்பா?” என்றாள். ஆமாம் என்றேன். எஸ்தர் அன்றைக்குப் பாயசம் வைத்தாள். அதைச் சாப்பிட்டேன்.

தம்பிக்குச் சொன்னேன்.

“இருக்கச் சொல்லிட்டாங்களா? நல்லது ண்ணா.” குரலில் கொஞ்சம் சுருதி இறங்கியது. ஷெட்டு நினைப்பாக இருக்கும். பிறகு கேட்டான். “அப்ப எல்லாத்தையும் சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்டா. படமும் எடுத்துகினாங்க.”

“போச்சு. முழு அட்டையும் குடுத்துட்ட. அன்னைக்கும் அப்படித்தான் குடுத்த.”

போனில் அவன் பின்னால் தறிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“ண்ணா? லைன்ல கீறியா?”

“இருக்கேன். ஒண்ணு மட்டும் சொல்லல.”

தறிச் சத்தம் நின்றது. “இன்னாது?”

“ஒண்ணே ஒண்ணு. படத்துலயும் வராது. நான் இல்லாத நாள்ல ஏதோ ஒண்ணு இல்லன்னு அவங்களுக்குத் தெரியும். ஆனா எது இல்லன்னு தெரியாது.”

பாக்கியம் சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆகிறது. “ஒரு அட்டை கொறையுதுன்னு வந்து கேட்டா இன்னா சொல்லுவ?”

“தேடிகினே வேலை செய்யறேன்னு சொல்லுவேன்.”

“பென்ஷன் வரைக்கும் தேடு ண்ணா,” என்றான்.

அது எது என்று அவனிடமும் சொல்லவில்லை. எஸ்தருக்குத் தெரியாது. ஷரோனுக்குத் தெரிந்தால் வருத்தப்படுவாள். இங்கேயும் எழுதப் போவதில்லை. தமிழில்தானே எழுதுகிறோம் என்று முன்பு தைரியமாக இருந்திருப்பேன். இப்போது எந்த எழுத்தின் மேல் போனைக் காட்டினாலும் இங்கிலீஷில் படித்துச் சொல்லிவிடுகிறது. அந்தப் போன் எமிலியிடமும் இருக்கிறது.